53 மணி நேரத்தில் ஓர் ஆண்டு: எச்.டி. 189733 பி-யை மொட்டைமாடியிலிருந்து அளப்பது

எச்.டி. 189733 பி என்ற கோளில் ஓர் ஆண்டு என்பது 2 நாள் 5 மணி 14 நிமிடம் 45 விநாடி. வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்குத் தொடங்கும் ஆண்டு ஞாயிறு இரவு 11:15-க்கு முடிந்து, அடுத்தது பிறந்துவிடும். நம்மிடமிருந்து ஏறக்குறைய 64 ஒளியாண்டு தொலைவில், சூரியனைவிடச் சிறிய, கொஞ்சம் குளிர்ந்த, ஆரஞ்சு நிற விண்மீன் ஒன்றை அது சுற்றுகிறது. 2005-இல் பிரான்ஸின் ஓத்-ப்ரோவான்ஸ் வானாய்வகத்தில் 1.93 மீட்டர் தொலைநோக்கியையும் எலோடி நிறமாலைமானியையும் கொண்டு பிரான்சுவா பூஷி குழுவினர் கண்டுபிடித்தார்கள். கோளின் ஈர்ப்பால் அந்த விண்மீன் விநாடிக்கு 205 மீட்டர் வேகத்தில் முன்னும் பின்னும் ஆடுவதுதான் காட்டிக்கொடுத்தது.

விண்மீனை ஒட்டிச் சுற்றும் வியாழன் போன்ற பெரிய கோள்களை வெப்ப வியாழன்கள் என்பார்கள், இன்று நூற்றுக்கணக்கில் தெரியும். அவற்றில் இதைத் தேர்ந்தெடுக்க ஒரே காரணம் போதும். 80 மில்லிமீட்டர் வாயுள்ள சின்னத் தொலைநோக்கியோடு மொட்டைமாடியில் உட்கார்ந்து, இந்தக் கோளின் விட்டத்தை நீங்களே அளந்துவிடலாம். அதன் விண்மீனின் ஒளியளவு 7.7 (எண் கூடக் கூட மங்கல்). வெறுங்கண்ணுக்குத் தெரியாது, சாதாரண பைனாகுலரில் தெரியும். கோள் குறுக்கே போகும்போது விண்மீனின் ஒளி 2.4 சதவீதம் குறைகிறது. இவ்வளவு பிரகாசமான விண்மீனில் இவ்வளவு ஆழமான பள்ளம் கிடைப்பது அரிது. கோள் கடப்பு முதன்முதலாக 1999-இல் காணப்பட்ட எச்.டி. 209458 பி-யில்கூட பள்ளம் 1.7 சதவீதத்தைத் தாண்டாது.

நெருக்கம் என்றால் எவ்வளவு நெருக்கம் என்பதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். சுற்றுக்காலத்தை ஆண்டில் சொன்னால் 0.006074. அதன் இருமடியை விண்மீனின் நிறையால் (சூரியனில் 0.82 பங்கு) பெருக்கி முப்படி மூலம் எடுத்தால் 0.0312 வானியல் அலகு வரும் (பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தொலைவு ஓர் அலகு). அதாவது 46 லட்சத்து 60 ஆயிரம் கிலோமீட்டர். சூரியனிலிருந்து புதன் இருக்கும் தொலைவில் பன்னிரண்டில் ஒரு பங்கு. அங்கிருந்து பார்த்தால் விண்மீன் வானத்தில் 13 பாகை அகலத்துக்கு நிற்கும். நமக்குச் சூரியன் அரைப் பாகைதான். பூமியில் ஒரு சதுர மீட்டருக்கு விழும் வெயிலைப் போல 350 மடங்கு அங்கே விழுகிறது. அந்த வெப்பத்தை வாங்கித் திருப்பி வெளிவிடும் பொருள் சமநிலைக்கு வரும் வெப்பநிலை சுமார் 1,200 கெல்வின், அதாவது 930 டிகிரி செல்சியஸ். கோள் ஓடும் வேகம் விநாடிக்கு 153 கிலோமீட்டர், பூமியின் வேகத்தைப் போல ஐந்து மடங்கு.

அதை அளக்க முடிவதும் இதே நெருக்கத்தால்தான். ஒரு கோள் தன் விண்மீனை ஒட்டிச் சுற்றினால், நம் பார்வைக் கோட்டில் குறுக்கே வரும் வாய்ப்பு கூடுகிறது. வந்தாலும் 53 மணிக்கு ஒருமுறை வரும். பூமியைப் போன்ற ஒன்றுக்கு ஒரு வருடம் காத்திருக்க வேண்டும், அந்த இரவில் மேகம் வந்தால் இன்னொரு வருடம்.

இடத்தைக் கண்டுபிடிப்பது எளிது. திருவோண நட்சத்திரத்திலிருந்து வடக்கே பார்த்தால் சின்ன அம்பு வடிவில் சஜிட்டா மண்டலம் தெரியும். அம்பின் நுனியில் உள்ள காமா விண்மீனிலிருந்து மூன்று பாகை வடக்கே டம்பெல் நெபுலா, எம் 27. அந்த நெபுலாவுக்குக் கிழக்கே கால் பாகையில், அதே காட்சிப் புலத்துக்குள், நம் விண்மீன் இருக்கிறது. முதல் படத்திலேயே நெபுலா மங்கலாக விழுந்துவிடும். சரியான விண்மீனைத்தான் பிடித்திருக்கிறோம் என்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் வேண்டாம்.

தமிழ்நாட்டிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இதில் ஒரு நல்லதும் ஒரு கெட்டதும் உண்டு. விண்மீனின் நடுவரை விலக்கம், அதாவது வானின் நடுக்கோட்டிலிருந்து அது விலகியிருக்கும் அளவு, வடக்கே 22.7 பாகை. சென்னையில் அது உச்சிக்கு 10 பாகை வடக்கே, தலைக்கு மேலேயே போகிறது. காற்று மண்டலத்தின் மிக மெல்லிய பகுதி வழியாக ஒளி வருவதால் ஒளி அளவீட்டுக்கு இதைவிடச் சாதகமான நிலை கிடையாது. கெட்டது பருவம். வானம் தெளிவாக இருக்கும் ஜனவரியில் விண்மீன் சூரியனோடு சேர்ந்து உதித்து மறைகிறது. செப்டம்பர் முதல் வாரத்தில் இரவு 9 மணியளவில் உச்சிக்கு வரும், ஆனால் அப்போது மேகம். ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் நள்ளிரவுக்குப் பின் ஒரு மணியிலிருந்து விடியல் வரைக்கும் உள்ள நேரமே நம் ஊருக்குப் பொருத்தமானது. உள்மாவட்டங்களில் இருப்பவர்களுக்குக் கடலோரத்தைவிட வாய்ப்பு அதிகம்.

கருவி பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். 70 முதல் 100 மி.மீ. லென்ஸ் தொலைநோக்கி, விண்மீனைத் தொடர்ந்து பின்பற்றும் ஈக்வட்டோரியல் மவுண்ட், கருப்பு வெள்ளை சி.மாஸ் கேமரா, ஒரு சிவப்பு ஃபில்டர். கேமரா இல்லாவிட்டால் டி.எஸ்.எல்.ஆரும் 200 மி.மீ. லென்ஸும் போதும். ஆனால் ரா கோப்பாக மட்டுமே எடுக்க வேண்டும். ஜே-பெக் கோப்பில் கேமரா தானாகவே வெளிச்சத்தை வளைத்துவிடும், 2 சதவீதம் என்பது அந்த வளைவுக்குள் காணாமல் போகும். வண்ணக் கேமராவில் பச்சைப் பிக்சல்களை மட்டும் பிரித்து அளக்க வேண்டும். கேமரா மெனுவில் நீண்ட எக்ஸ்போஷருக்கான இரைச்சல் நீக்கத்தை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு படத்துக்கும் பின் அதே நேரம் கேமரா கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும், பாதி இரவு வீண்.

மேல்-கீழாகவும் பக்கவாட்டிலும் மட்டும் திரும்பும் ஆல்ட்-அசிமுத் மவுண்ட் வேண்டாம். விண்மீன் உச்சியை ஒட்டிப் போகும் இடத்தில் அந்த மவுண்டில் காட்சிப் புலம் நிமிடத்துக்கு 1.4 பாகை வரை சுழலும். ஓரத்தில் இருக்கும் ஒப்பீட்டு விண்மீன்கள் சென்சாரில் வட்டமடித்து, ஒவ்வொரு நிமிடமும் வேறு வேறு பிக்சல்களில் விழும். ஜெர்மன் வகை ஈக்வட்டோரியல் மவுண்டிலும் ஒரு தொல்லை இருக்கிறது. விண்மீன் உச்சிக்கோட்டைத் தாண்டும்போது தொலைநோக்கியை மறுபக்கம் திருப்ப வேண்டும். திருப்பியதும் படம் தலைகீழாகும், விண்மீன் சென்சாரின் வேறொரு பகுதிக்குப் போகும், ஒளி வளைகோட்டில் ஒரு படிக்கட்டு விழும். கடப்பின் நடுவில் அந்தப் படிக்கட்டு வந்தால் அதைப் பள்ளத்திலிருந்து பிரித்தெடுப்பது பெரும்பாடு. உச்சிக்கோட்டைத் தாண்டும் நேரத்தை முன்கூட்டியே பார்த்து, அது கடப்புக்கு வெளியே விழும் இரவைத் தேர்ந்தெடுங்கள்.

இனி எக்ஸ்போஷர். பலரும் தவறுவது இங்கேதான். 7.7 ஒளியளவு என்றால் நல்ல பிரகாசம், 2 விநாடி போதுமே என்று தோன்றும். விண்மீன் மினுக்கம்தான் இங்கே எதிரி. 80 மி.மீ. வாயில், விண்மீன் ஓரளவு உயரத்தில் இருக்கும்போது, 10 விநாடி எக்ஸ்போஷரில் மினுக்கத்தால் மட்டும் ஒவ்வொரு அளவும் 0.7 சதவீதம் மேலும் கீழும் ஆடும். அதே 10 விநாடியில் ஒளித்துகள் எண்ணிக்கையால் வரும் இரைச்சல் 0.3 சதவீதத்துக்குள்தான். 60 விநாடியானால் மினுக்கம் 0.3 சதவீதத்துக்கு இறங்குகிறது. தேடுவது 2.4 சதவீதப் பள்ளம் என்பதால் இது தாராளம். 20 செ.மீ. தொலைநோக்கி வைத்திருப்பவருக்கு 10 விநாடியிலேயே 0.4 சதவீதம் கிடைக்கும்.

60 விநாடி எடுத்தால் கூர்மையாக ஃபோகஸ் செய்த விண்மீன் சென்சாரை நிரப்பிவிடும். அதனால் ஃபோகஸை வேண்டுமென்றே கலைக்க வேண்டும். விண்மீன் 8 முதல் 12 பிக்சல் அகலமுள்ள சின்ன வட்டமாகத் தெரியும்வரை கலைக்கலாம். இதில் இன்னொரு நன்மையும் உண்டு. எந்த இரண்டு பிக்சலும் ஒரே உணர்திறன் கொண்டவை அல்ல, ஒளி நூறு பிக்சலில் பரவினால் அந்த வேறுபாடுகள் சராசரியாகிவிடும். 16 பிட் கேமராவில் அதிகபட்ச எண் 65,535. விண்மீனின் மிகப் பிரகாசமான பிக்சல் 30,000 முதல் 40,000-க்குள் இருக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். விண்மீன் மேலே ஏற ஏறப் பிரகாசம் கூடும், அதற்கும் இடம் விட வேண்டும். தொடக்கத்தில் 60,000-இல் வைத்துவிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் உச்சி வெட்டுப்பட்டிருக்கும். வெட்டுப்பட்ட பிக்சலிலிருந்து எதையும் மீட்க முடியாது. அந்த இரவைக் கைவிட வேண்டியதுதான்.

நேரக் கணக்கு இப்படி: கடப்பு முழுவதும் 1 மணி 50 நிமிடம். கோள் விண்மீனின் நடுவே போகாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து கடப்பதால், உள்ளே நுழைவதற்கு மட்டும் 24 நிமிடம் எடுக்கிறது, வெளியேற இன்னொரு 24 நிமிடம். நடுவில் ஒரு மணி நேரம் முழுதாக விண்மீன் முன் நிற்கிறது. கடப்பின் நடுநேரம் இரவு 2:30 என்றால், 12:30-க்கே படம் எடுக்கத் தொடங்கி 4:30 வரை நிறுத்தாமல் எடுங்கள். முன்னும் பின்னும் ஒரு மணி நேரத் தட்டையான பகுதி இல்லாவிட்டால் பள்ளம் எவ்வளவு ஆழம் என்று சொல்ல எந்த அளவுகோலும் இருக்காது. பள்ளத்தை மட்டும் பிடித்துவிட்டு விளிம்புகளை விட்டவர்களின் தரவைக் கொண்டு ஒன்றும் செய்ய முடிவதில்லை.

விண்மீன் ஒன்றை மட்டும் அளந்தால் பயனில்லை. மெல்லிய மேகம் கடந்தாலே 5 சதவீதம் இறங்கிவிடும். அதே படத்தில் இருக்கும் வேறு விண்மீன்களோடு ஒப்பிட்டு விகிதம் எடுக்க வேண்டும். ஒப்பீட்டு விண்மீன்கள் குறைந்தது மூன்று இருக்கட்டும், ஒளியளவு நம் விண்மீனை ஒத்ததாக, நிறமும் அதை ஒத்ததாக. நிறத்தை ஏன் பார்க்க வேண்டும் என்றால், காற்று மண்டலம் நீல ஒளியைச் சிவப்பைவிட அதிகமாக விழுங்குகிறது. ஆரஞ்சு விண்மீனை நீல விண்மீனோடு ஒப்பிட்டால், இரண்டும் வானத்தில் ஏறும்போது விகிதம் தானாகவே சாயும். அந்தச் சாய்வைக் கடப்பின் ஒரு பக்கம் என்று நினைத்து ஏமாந்தவர்கள் உண்டு. சிவப்பு ஃபில்டர் இந்தச் சாய்வைப் பெரிதும் குறைக்கிறது. ஒப்பீட்டு விண்மீன் தானே ஒளி மாறும் வகையா என்பதை முதலிலேயே பார்த்துவிடுங்கள். மூன்றையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டால், மாறுகிற ஒன்று தனியே தெரிந்துவிடும்.

சீரான வெளிச்சத்தைப் படமெடுத்து சென்சாரின் ஏற்றத்தாழ்வைச் சரிசெய்ய உதவுபவை ஃபிளாட் படங்கள், அவை இல்லாத இரவு பாதி இரவுதான். மாலையிலோ விடியலிலோ வானம் நீலமாக இருக்கும்போது, வாய்க்கு மேலே வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, அதே ஃபோகஸில், அதே கேமரா கோணத்தில் 25 படம். தொலைநோக்கியின் வாயை மூடி எடுக்கும் டார்க் படங்கள் அதே எக்ஸ்போஷரில், அதே வெப்பநிலையில் 20. குளிர்விக்காத கேமரா என்றால் டார்க்கை இரவின் தொடக்கத்தில் பாதியும் முடிவில் பாதியும் எடுப்பது நல்லது. மே மாத இரவில் சென்சார் வெப்பநிலை நிற்காமல் மாறிக்கொண்டே இருக்கும்.

சின்னச் சின்ன விபத்துகள்தான் பெரும்பாலும் இரவைக் கெடுக்கின்றன. விடியலுக்கு முன் லென்ஸில் பனி கோத்துக்கொள்ளும். ஒளி மெல்ல மெல்லக் குறைவதால் படத்தைப் பார்த்து உடனே தெரியாது. பனி தடுக்கும் சூட்டுப் பட்டையை முதலிலிருந்தே போட்டுவிடுங்கள். லேப்டாப் தானாகத் தூங்கப் போகும், அல்லது இரவு 3 மணிக்கு அப்டேட் செய்ய உட்காரும். இரண்டையும் அணைத்துவிட்டுத் தொடங்குங்கள். டிராக்கிங் சரியில்லாமல் விண்மீன் இரவு முழுக்க நூறு பிக்சல் நகர்ந்தால் ஃபிளாட் பிழைகள் எல்லாம் வளைகோட்டில் ஏறிவிடும். மவுண்டின் அச்சை வான துருவத்தை நோக்கித் திருப்பும் துருவ ஒழுங்கமைவைச் சோம்பலில்லாமல் செய்தால் இது தீரும். மாடியில் யாரோ திடீரென விளக்கைப் போடுவதும் உண்டு. வீட்டில் எல்லோரிடமும் முன்னமே சொல்லி வைப்பதும் கருவிகளின் பட்டியலில் சேரும்.

கடிகாரத்தை இணையத்தோடு ஒத்திசைத்து, ஒரு விநாடிக்குள் சரியாக வைத்திருங்கள். நேரத்தை அறிக்கையிடும்போது பூமி தன் பாதையில் எங்கே இருக்கிறது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஆண்டின் ஒரு பக்கத்தில் பூமி இந்த விண்மீனுக்கு அருகிலும், ஆறு மாதம் கழித்துத் தொலைவிலும் இருக்கிறது. இதனால் கடப்பு நடக்கும் நேரம் 6 நிமிடம் முன்போ பின்போ தெரியும். சூரியக் குடும்பத்தின் நிறை மையத்துக்கு மாற்றிய நேரமே எல்லோரும் பயன்படுத்தும் அளவு, மென்பொருளே இதைச் செய்துவிடும். அஸ்ட்ரோஇமேஜ்ஜே இலவசம், இந்த வேலைக்கென்றே உருவானது. விண்மீனைச் சுற்றி அதன் படத்தின் அரைவிட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு பெரிய வட்டம் வரைந்து உள்ளே இருப்பதைக் கூட்டி, வெளியே உள்ள வளையத்திலிருந்து வானத்தின் வெளிச்சத்தைக் கழிக்கிறது. வட்டத்தின் அளவை மாற்றி மாற்றிப் பார்த்து, தட்டையான பகுதியில் சிதறல் எதில் மிகக் குறைவோ அதைத் தேர்ந்தெடுங்கள். பள்ளம் எதில் அழகாக இருக்கிறது என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பது நேர்மையான அளவீடு ஆகாது.

வளைகோடு வந்துவிட்டதா? பள்ளத்தின் அடிப்பகுதி தட்டையாக இல்லாமல் கிண்ணம் போல வளைந்திருக்கும். விண்மீனின் நடுப்பகுதி பிரகாசமாகவும் ஓரம் மங்கலாகவும் இருப்பதே காரணம். ஆழம் 0.024 என்றால் அதன் வர்க்கமூலம் 0.155. கோளின் ஆரம், விண்மீன் ஆரத்தில் 15.5 சதவீதம் என்று பொருள். விண்மீனின் ஆரம் சூரியனில் 0.76 பங்கு, அதாவது சுமார் 5 லட்சத்து 29 ஆயிரம் கிலோமீட்டர். பெருக்கினால் 82,000 கிலோமீட்டர். வியாழனைவிட ஏறக்குறைய 15 சதவீதம் பெரியது. அதன் நிறை வியாழனைப் போல 1.13 மடங்கு என்பது விண்மீனின் ஆட்டத்திலிருந்து தெரியும். இரண்டையும் சேர்த்தால் அடர்த்தி தண்ணீரைவிடச் சற்றுக் குறைவு. இந்த எண்ணுக்கு வேண்டிய ஆரத்தை உங்கள் மாடியிலிருந்து வந்த நாலு மணி நேரப் படங்கள் கொடுத்தன. யாரும் படம் பிடித்திராத ஓர் உலகத்தின் அடர்த்தி அது.

பெரிய கருவிகள் இதற்கு மேல் சொன்னவை வேறு தளம். 2007-இல் வெளியான ஓர் ஆய்வில், ஸ்பிட்சர் விண்வெளித் தொலைநோக்கி 33 மணி நேரம் இந்த விண்மீனை அகச்சிவப்பில் பார்த்து, கோளின் முகத்தில் வெப்பம் எப்படிப் பரவியிருக்கிறது என்று ஒரு வரைபடமே தந்தது. குளிர்ந்த இடம் 970 கெல்வினும் சூடான இடம் 1,210 கெல்வினும் இருந்தன. கோள் எப்போதும் ஒரே முகத்தை விண்மீனுக்குக் காட்டுகிறது என்றால் நடுப்பகல் புள்ளிதான் மிகச் சூடாக இருக்க வேண்டும். ஆனால் சூடான இடம் அங்கிருந்து 16 பாகை கிழக்கே தள்ளியிருந்தது. காற்று வெப்பத்தை அள்ளிக்கொண்டு ஓடுகிறது. பின்னர் வந்த அளவுகள் அந்தக் காற்றின் வேகம் விநாடிக்கு 2 கிலோமீட்டருக்கு மேல் என்று காட்டின.

2013-இல் ஹப்பிள் அதன் நிறத்தை அளந்தது. ஆழ்ந்த நீலம். கடல் இருப்பதால் அல்ல, 930 டிகிரியில் கடலுக்கு வழியில்லை. மேலே மிதக்கும் நுண்துகள்கள் நீல ஒளியைச் சிதறடிக்கின்றன, சோடியம் அதைவிட நீண்ட அலைநீளங்களை விழுங்குகிறது. அந்தத் துகள்கள் சிலிகேட்டாக இருக்கலாம் என்பதிலிருந்துதான் ‘பக்கவாட்டில் கண்ணாடி மழை பெய்யும் கோள்’ என்ற செய்தி கிளம்பியது. கண்ணாடி மழையை யாரும் அளக்கவில்லை. வெப்பநிலை, காற்றின் வேகம், துகள் மூன்றையும் சேர்த்து ஊகித்தது அது. அளந்ததையும் ஊகித்ததையும் ஒரே தட்டில் வைத்துப் பரிமாறுவது வாசகருக்குச் செய்யும் அநியாயம். போதாததற்கு, இந்த விண்மீன் புள்ளிகள் நிறைந்தது, 12 நாளுக்கு ஒருமுறை சுழல்கிறது. கோள் கடக்காத இடத்தில் இருக்கும் கரும்புள்ளிகளே நீலத்தில் பள்ளத்தை ஆழமாக்கிக் காட்டும், அதைக் கோளின் மூடுபனி என்று தவறாக எண்ணவும் முடியும். 2024-இல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி ஹைட்ரஜன் சல்ஃபைடைக் கண்டது. அழுகிய முட்டை வாடை அடிக்கும் அந்த வாயுதான். நீர், கார்பன் டை ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடும் இருந்தன. முன்பு இருப்பதாகச் சொல்லப்பட்ட மீத்தேன் இல்லை.

இவ்வளவு பெரிய கருவிகள் இருக்கும்போது மாடியிலிருந்து எடுத்த அளவு எதற்கு? நேரத்துக்காக. ஒரு கோளின் சுற்றுக்காலத்தில் ஒரே ஒரு விநாடி பிழை இருந்தால், ஆண்டுக்கு 165 சுற்றில் அது 165 விநாடியாகும், பத்து ஆண்டில் 27 நிமிடம். விண்வெளித் தொலைநோக்கி தவறான நேரத்தில் கண்ணைத் திறந்தால் நுழைவு போய்விடும். எச்.டி. 189733 பி-யின் காலம் இப்போது விநாடியின் சிறு பின்னம்வரை தெரியும், இது பழகுவதற்கான கோள். பழகிய பிறகு, மங்கலான விண்மீன்களைச் சுற்றும், கடப்பு நேரம் துல்லியமாகத் தெரியாமல்போன வெப்ப வியாழன்களுக்கு மாறலாம். ஐரோப்பாவின் ஏரியல் விண்கலத்துக்காக எக்ஸோக்ளாக் திட்டம் இப்படிப்பட்ட அளவுகளைத் திரட்டுகிறது. அமெச்சூர்கள் அனுப்புபவையும் அதில் சேர்கின்றன. டபிள்யூ.ஏ.எஸ்.பி. 12 பி என்ற கோளின் ஆண்டு வருடத்துக்கு 29 மில்லி விநாடி குறைந்துகொண்டே வருகிறது என்பதும் இப்படிப் பல வருடம் சேர்த்த கடப்பு நேரங்களிலிருந்துதான் தெரிந்தது. அது தன் விண்மீனுக்குள் சுருண்டு விழுந்துகொண்டிருக்கிறது.

அனுப்பும்போது படங்களை அழித்துவிடாதீர்கள். ரா கோப்புகள், ஃபிளாட், டார்க் எல்லாவற்றையும் வைத்திருங்கள், பிறகு யாராவது மறுபடி அளக்க விரும்பலாம். மேகம் வந்து பாதியில் நின்றுபோன இரவாக இருந்தாலும் அடுத்த வாய்ப்பு தொலைவில் இல்லை. ஒன்பது சுற்று என்பது 20 நாளுக்கு 47 நிமிடம் குறைவு. இன்று நடுநேரம் 2:30 என்றால் 20 நாள் கழித்து 1:43-க்கு வரும். விண்மீனோ அதே 20 நாளில் 79 நிமிடம் முன்னதாக உச்சிக்கு வந்துவிடும். இரண்டையும் ஒரு காகிதத்தில் எழுதி மவுண்டின் காலில் ஒட்டி வைத்துவிடுங்கள்.